வகுப்பறைச் சங்கீதமும் வாசலில் நிற்கும் தப்பும்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் வேண்டுமா என்னும் கேள்வி நமது நாட்டில் தீர்ந்துபோன கேள்வி. 1983-ஆம் ஆண்டு கே.பி.எஸ்.ஆர். என்னும் புதிய ஆரம்பப்பள்ளிக் கலைத்திட்டம் வந்தபொழுதே சங்கீதம் மலாய், சீன, தமிழ்ப் பள்ளிகள் யாவற்றிலும் ஒரு பாடமாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. 2011-இல் அதன் இடத்திற்கு கே.எஸ்.எஸ்.ஆர். வந்தது, அப்பொழுதும் சங்கீதம் நீக்கப்படவில்லை. ஆகவே வேண்டுமா, வேண்டாமா என்று வாதாடுவது வீண் வேலை. எந்தச் சங்கீதம், யாருடைய சங்கீதம், எவ்விதம் கற்பிக்கப்படுகிறது என்பவையே இன்று நாம் ஆராயத் தக்கவை.

பாடத்திட்ட ஏட்டைப் புரட்டிப் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. பாடுதலும் வாசித்தலும் தாளத்திற்கு அசைதலும் ஒரு பகுதி. கேட்டு நயம் உணர்தல் ஒரு பகுதி. பிள்ளை தானே புதிதாய் ஒன்றை ஆக்கிக் காட்டும் படைப்பு வெளிப்பாடு மற்றொரு பகுதி. இந்த மூன்றாவது பகுதியைப் படித்தபொழுது நமக்கு உண்மையாகவே மகிழ்ச்சி உண்டாயிற்று. ஆனால் ஏட்டை மூடிவிட்டு வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தால் அந்த மகிழ்ச்சி நிலைப்பதில்லை. பல இடங்களில் சங்கீதம் படிக்காத ஆசிரியரே சங்கீத ஆசிரியர். ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு ஓடும், பிள்ளைகள் கூடவே பாடுவார்கள். மேல் வகுப்பானால் ரெக்கார்டர் என்னும் பிளாஸ்டிக் குழலை எல்லோரும் ஒன்றாக ஊதுவார்கள். பரீட்சை நெருங்கினால் அந்த நேரமும் கணிதத்திற்குக் கடன் கொடுக்கப்படும். அக்கடன் ஒரு தடவையாவது திருப்பிச் செலுத்தப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இதை ஏன் கூலிம் ஹைடெக் பூங்காவை முன்னிட்டு எழுதுகிறோம் என்று வாசகர்கள் கேட்கலாம். ரப்பரும் செம்பனையும் வளர்ந்த கெடா வட்டாரத்தில், 1996-இல், நாட்டின் முதலாவது உயர் தொழில்நுட்பப் பூங்கா என்ற பெயருடன் அது திறக்கப்பட்டது. இன்டெல்லும் இன்ஃபினியோனும் அங்கே இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் இன்ஃபினியோன் சிலிக்கன் கார்பைடு சில்லுகள் செய்யும் பெரிய ஆலையொன்றையும் அங்கே திறந்தது. பாடாங் செராய், லூனாஸ், கூலிம் என்று சுற்றிலும் உள்ள ஊர்களில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் வசிக்கிறார்கள். பாட்டனார் விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தார். பேரன் விடியுமுன் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறான். அன்று கங்காணி அழைத்தான், இன்று கைப்பேசி அழைக்கிறது. இப்பூங்காவில் சொன்னதைச் செய்யும் கைகளுக்கும் இடமுண்டு, புதிதாய் நினைக்கும் தலைகளுக்கும் இடமுண்டு. நம் பிள்ளை இவ்விரண்டில் எந்த வரிசையில் போய் நிற்கப் போகிறான் என்பது பதினேழு வயதில் தீர்மானமாவதன்று. ஏழு வயதிலேயே, ‘நான் சொன்னதைத் திருப்பிச் சொல்’ என்று மட்டும் கேட்கும் வகுப்பறையில் பாதி தீர்மானமாகிவிடுகிறது. சங்கீத வகுப்புங்கூட அப்படியே நடக்குமானால் பிள்ளை வேறு எங்கே சென்று தன் மனத்தில் எழுந்ததைச் செய்து பார்ப்பான்?

இவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் (பெயர் வேண்டா) ஐந்தாம் ஆண்டு வகுப்பில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. முப்பது குழல்கள் ஒன்றாய்க் கீச்சிட்டன. கடைசி வரிசைப் பையன் ஒருவன் குழலை ஊதாமல் மேசையின் விளிம்பில் விரல்களால் தட்டிக்கொண்டிருந்தான். ஆசிரியை நல்லவர், பிள்ளைகளிடம் பிரியமுள்ளவர். வெட்கத்துடன் எம்மிடம், “அவனுக்கு இசை வராது ஐயா. கை ஒரு நிமிஷம் சும்மா இராது, எதையாவது தட்டிக்கொண்டே இருப்பான்” என்றார். நாம் காது கொடுத்துக் கேட்டோம். அவன் தட்டியது ஏழு. தகிட தகதிமி, தகிட தகதிமி என்று பிசகாமல், வகுப்பில் நடந்த நான்கு எண்ணிக்கைப் பாட்டின்மேல் அந்த ஏழை ஓட்டிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டாவது தட்டில் இரண்டும் ஒன்றாய் வந்து விழும் இடத்தில் தானே சிரித்துக்கொண்டான். விசாரித்தபொழுது, தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அண்ணன்மாரோடு உறுமி மேளத்தில் தப்பு அடிப்பவன் என்று தெரிந்தது. இசை வராத பிள்ளை என்று அவனுக்குப் பெயர்!

இதில் ஆசிரியையைக் குற்றம் சொல்வதில் பிரயோஜனமில்லை. அவருக்குக் கற்பிக்கப்பட்டதில் தப்பு சங்கீதமென்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நம் வீடுகளிலும் அப்படி யாரும் சொல்லித் தரவில்லை. சாவு வீட்டில் அடிப்பது, சாமி வருவதற்கு அடிப்பது, குடித்தவர் ஆடுவதற்கு அடிப்பது என்பதே நம்மவர் அதற்குக் கொடுத்திருக்கும் விலாசம். அந்த விலாசத்திற்குப் பின்னால் இருப்பது ஜாதி என்பதை மூடி மறைப்பதில் அர்த்தமில்லை. கடல் கடந்து வந்தபொழுது நம்மவர் சட்டி பானையோடு ஜாதியையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி மலாயாவெங்கும் பேசியதும், அதன்பின் இங்கே சீர்திருத்தச் சங்கங்கள் கிளம்பியதும் அம்மூட்டையை அவிழ்த்துக் கொட்டச் சொல்வதற்காகவே. மேடையில் ஜாதி ஒழிந்தது என்று நாம் கை தட்டினோம். தோல் கருவியின்மேல் அது உட்கார்ந்திருப்பதைக் கவனிக்கவில்லை.

தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணும்பொழுது தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தே எண்ணுகிறது. நிலம்தோறும் ஒரு பறை. அதில் இழிவு என்ற பேச்சே கிடையாது. இவ்வளவு தூரம் போவானேன்? நமது கெடாவிலேயே அலோர் ஸ்டாரில் பாலாய் நோபாட் என்னும் கோபுரம் நிற்கிறது. சுல்தானின் அரச வாத்தியங்களாகிய முரசும் நெடுங்குழல் எக்காளமும் சீவாளி வைத்து ஊதும் செருனையும் வைப்பதற்கென்றே கட்டப்பட்டது அது. அங்கேயும் மரமும் தோலுந்தான், இங்கேயும் மரமும் தோலுந்தான். ஒன்றுக்கு மாடிக் கட்டிடம். மற்றொன்றுக்குப் பள்ளிக்கூட வாசல்படிகூட இல்லை. அதன் மரியாதையை மலாய்க்காரரோ வேறெவரோ கெடுக்கவில்லை, கெடுத்தவர்கள் நாமே.

சங்கீதத்தில் சீர்திருத்தம் என்றால் உடனே தமிழிசை இயக்கத்தை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அவ்வியக்கத்திடம் நமக்கு மிகுந்த மரியாதை உண்டு. 1917-இல் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பாட்டுக்காகத் தீர்மானங்கள் செய்யப்பட்டன. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. 1947-இல் விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ வந்தது. பெரியாரும் தமிழ்ப் பாட்டின் பக்கமே நின்றார். தெலுங்கிலும் வடமொழியிலும் பாடினால்தான் சங்கீதம் என்ற மமதை இவற்றால் அடிபட்டது. எனினும், ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. அந்த இயக்கம் மேடையில் நிற்பவரின் வாய்மொழியை மாற்றப் போராடிற்று. மேடைக்குக் கீழே நிற்பவரின் கையிலுள்ள கருவியைப் பற்றி அதிகம் பேசவில்லை. எந்த மொழியில் பாடுவது என்று கேட்டது. யார் பாடலாம், யாருடைய மேளம் மேளம் என்று அதே வேகத்துடன் கேட்கவில்லை. பள்ளிப் பிள்ளையைப் பற்றியோ மிகக் குறைவாகவே பேசிற்று. ஆகையால், பாட்டைத் தமிழாக்கிவிட்டால் வகுப்பறைச் சங்கீதம் சீர்பட்டுவிடும் என்று நம்புவது பாதி வழியில் வண்டியை நிறுத்துவதாகும்.

வேறு சிலர், சரளி வரிசையிலிருந்து முறையாகத் தொடங்க வேண்டுமென்று சொல்லுகிறார்கள். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் அந்த வரிசைகள், குருவின் எதிரில் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து பல வருஷம் பயிலும் வித்தைக்கு ஏற்றவை. அவற்றின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் முப்பது பிள்ளைகளும் அரைமணி நேரமும் உள்ள வகுப்பில் மாயாமாளவகௌளையை ஏற்றி இறக்கி ஓர் ஆண்டைக் கழித்தால், பிள்ளை சங்கீதத்தைப் பற்றி அறிவது ஒன்றே: அது வேறு யாருக்கோ உரியது. சினிமாப் பாட்டு ஓடவிட்டு ஆண்டு விழாவுக்கு ஆட்டம் பழக்குவதைப் பற்றியோ நாம் ஒரு வரிக்குமேல் எழுதப் போவதில்லை.

இனி மேல்நாட்டார் சொல்லும் முறைகள். இவற்றில் நாம் கற்க வேண்டியவை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதற்கில்லை. ஹங்கேரியில் கோடாய் என்பவரும் பார்டோக் என்பவரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு குடியானவர் வீடுகளுக்குப் போனார்கள். நகரத்துக் கனவான்கள் ஏளனம் செய்த பாட்டுக்களைக் கிழவிகளின் வாயிலிருந்து எழுதிக்கொண்டார்கள். பிள்ளைக்குப் பேச்சில் தாய்மொழி இருப்பதுபோல் இசையிலும் ஒரு தாய்மொழி உண்டு, அதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது கோடாயின் கொள்கை. 1950-இல் கெச்கெமேட் என்னும் ஊரில் தினந்தோறும் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஆரம்பப்பள்ளி தோன்றியது. 2016-இல் யுனெஸ்கோவும் இம்முறையைப் போற்றத்தக்கதென்று தன் பதிவேட்டில் சேர்த்தது. இவ்வளவையும் படித்துவிட்டு நம்மவர் செய்வது என்ன? கோடாயின் கை அடையாளங்களைக் காட்டி ஆங்கிலப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்! அவர் சொன்னபடி நடப்பதாயின், கூலிம் பிள்ளைக்குத் தோட்டத்துத் தாலாட்டும் கும்மியும் அல்லவா முதலில் வரவேண்டும்? அவற்றைத் தேடிச் சேர்த்தவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. முத்தம்மாள் பழனிசாமி என்னும் மலேசிய எழுத்தாளர் ‘நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்’ என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். எத்தனை பள்ளி நூலகங்களில் அது இருக்கிறது என்று வாசகர்களே போய்ப் பார்க்கட்டும்.

ஜெர்மானியராகிய கார்ல் ஓர்ஃப் 1924 முதல் மியூனிக் நகரில் பேச்சையும் ஆட்டத்தையும் தாளத்தையும் ஒன்றாக்கிக் கற்பிக்கும் வேலையில் ஈடுபட்டார். 1950-க்கும் 1954-க்கும் இடையில் பிள்ளைகளுக்கான அவருடைய ஐந்து தொகுதிகள் வெளிவந்தன. கட்டைகளைக் கழற்றி மாட்டத்தக்க மரச் சுரக்கருவிகளை அவர் பயன்படுத்தினார். இரண்டு கட்டைகளைக் கழற்றிவிட்டால் ஐந்து சுரமே மிஞ்சும். எந்தப் பிள்ளை எதைத் தட்டினாலும் காதுக்குக் கரகரப்பில்லை. அந்த ஐந்து நமக்குப் புதியவையல்ல, மோகன இராகத்தின் சுரங்களே. இம்முறை மிக நல்ல முறை. ஆயினும் இதே ஓர்ஃப், 1936-இல் ஹிட்லர் ஆட்சியில் பெர்லினில் நடந்த ஒலிம்பிக் விழாவுக்குப் பிள்ளைகள் ஆடும் சங்கீதம் எழுதிக்கொடுத்தவர் என்பதையும் மறக்கலாகாது. தாளம் மனிதனை எழுப்பவும் செய்யும், வரிசையில் நிறுத்தவும் செய்யும். எல்லோரும் ஒன்றாய்த் தட்டினார்கள் என்பதனாலேயே அது படைப்பாகிவிடாது.

அந்த வகையில் கனடா நாட்டு மர்ரே ஷேஃபரும் இங்கிலாந்து ஜான் பெயின்ட்டரும் நமக்கு நெருங்கியவர்களாகத் தோன்றுகிறார்கள். ஷேஃபர் 1967-இல் ‘காது சுத்தம் செய்தல்’ என்னும் பொருள்படும் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். பிள்ளைகளைக் கண்மூடிக் கேட்கச் சொன்னார். ஊரின் ஒலிகளை எண்ணச் சொன்னார். அவற்றைக் கொண்டே இசை செய்யச் சொன்னார். பெயின்ட்டர் 1970-இல் பீட்டர் ஆஸ்டன் என்பவருடன் எழுதிய நூலில், சிற்றுருக்கள் ஆக்குவதைச் சாதாரண வகுப்புப் பிள்ளைகளிடமே விட்டார். இவ்விருவருக்கும் விலையுயர்ந்த கருவி தேவைப்படவில்லை. சுருதி ஞானம் பெற்ற வித்துவானும் தேவைப்படவில்லை. ‘நீ செய்ததைப் பிறர் கேட்பர்’ என்ற நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தால் போதும்.

கூலிமில் இதைச் செய்து பார்ப்பதற்கு என்ன தடை? பிள்ளைகளைப் பத்து நிமிஷம் பள்ளித் திடலில் மௌனமாக உட்கார வைக்கலாம். ஆலைச் சங்கு, நெடுஞ்சாலை லாரி, கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கோசை, செம்பனை ஓலை உரசுவது, சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவுவது என்று கேட்டதையெல்லாம் வரிசையாய் எழுதச் சொல்லலாம். எது நீண்டது, எது குட்டையானது, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று கோடும் புள்ளியுமாக ஒரு தாளில் வரையச் சொன்னால், அந்தத் தாளே முதலாவது சுரக்குறிப்பு. அதைப் பார்த்துக்கொண்டு ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து வாயாலும் கையாலும் பால் டின்னாலும் தேங்காய்ச் சிரட்டையாலும் ஒரு காலைப்பொழுதை இசையாக்கிக் காட்டட்டும். ஒரு கூட்டம் செய்தது மற்றொரு கூட்டத்தைப் போல இராது. இராமலிருப்பதற்கே மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

தாளத்திற்கோ உலகில் வேறெவருக்கும் இல்லாத செல்வம் நமக்கு இருக்கிறது. மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் ஐந்து நடைகளையும் வாயால் சொல்லும் சொற்கட்டு நம்முடையது. வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் ‘தகிட’ என்றும் மறுபக்கம் ‘தகதிமி’ என்றும் தட்டச் சொன்னால் பன்னிரண்டாம் தட்டில் இரு பக்கமும் சந்திக்கும். ஐந்தையும் ஏழையும் விட்டால் முப்பத்தைந்தில் சந்திக்கும். எங்கே சந்திக்கும் என்று பிள்ளைகளையே முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். கடன் வாங்கிய கணித ஆசிரியரும் வந்து வேடிக்கை பார்ப்பார். பின்பு தம் பெயரையும் ஊர்ப் பெயரையும் அசை பிரித்துச் சொந்தச் சொற்கட்டு ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் கட்டிக்கொண்டு வரட்டும்.

ரெக்கார்டர் குழலையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதில் பிள்ளைகள் முதன்முதலில் கற்கும் மூன்று சுரங்கள் பி, ஏ, ஜி. ஜி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அவை க, ரி, ஸ ஆகின்றன. டி-யையும் இ-யையும் சேர்த்தால் மோகனம் முழுமையாகிவிடும். அந்த ஐந்து சுரத்திற்குள் தன் விருப்பப்படி நான்கு சிறு வரிகள் ஊதிக்கொண்டு வா என்று சொன்னால் முப்பது பிள்ளைகளும் முப்பது விதமாக ஊதுவார்கள். ஊதும்பொழுது கீழே ஒருவன் தப்பில் ஏழு ஓட்டட்டும்.

தப்பை உள்ளே அழைப்பதென்றால் வெறும் வேடத்துக்காக அழைப்பதில் நமக்குச் சம்மதமில்லை. சுதந்திர தினத்தன்று தலைப்பாகை கட்டிவிட்டு ஐந்து நிமிஷம் அடிக்கச் சொல்லி, மறுநாள் மேசையைத் தட்டினான் என்று தண்டிப்பது பழைய கதையின் புதிய அங்கம். தோலை நெருப்பில் காய்ச்சி ஏன் முறுக்கேற்றுகிறார்கள், கனத்த குச்சிக்கும் மெல்லிய குச்சிக்கும் ஒலி ஏன் வேறுபடுகிறது, உறுமியின் தோலை வளைந்த குச்சியால் தேய்த்தால் ஏன் உறுமுகிறது என்பவையெல்லாம் அறிவியல் பாடமும் ஆகும். தோட்டத்தில் வயதான மேளக்காரர் ஒருவர் இருப்பார். அவரை ஐயா என்று அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்து, பிள்ளைகள் எதிரில் பேசச் சொல்ல வேண்டும். அந்த நாற்காலி சங்கீத வகுப்பில் பாதி. இந்தியாவில் 2025-இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது. நம் பள்ளிகள் ஒரு நாற்காலி அளிப்பதற்கு எந்த சர்க்காரின் உத்தரவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. மலாய்ப் பிள்ளைகளின் கொம்பாங்கில் ஒரு தாளத்தைப் பலர் பங்கிட்டு ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் அடிக்கிறார்கள். பக்கத்துத் தேசியப் பள்ளியிலிருந்து அவர்கள் வந்து கற்பிக்கட்டும், நம் பிள்ளைகள் தகதிமி கற்பிக்கட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று. உறுமிக் கூட்டங்களில் பெரும்பாலும் பையன்களே காணப்படுகிறார்கள். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா நடத்திய சக்தி கலை மையத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பு இளம்பெண்கள் பறை அடித்து ஆடி ஊர் ஊராகப் பேர் பெற்றார்கள். ஆகவே பெண்ணுக்குக் கோலாட்டக் குச்சி, ஆணுக்குத் தப்புக் குச்சி என்று பிரிக்க நினைக்கும் ஆசிரியர்கள் அதை மறந்துவிடலாம்.

பெற்றோரின் ஆட்சேபம் இருக்கிறது. அதை அலட்சியம் செய்வது நியாயமன்று. “மேளம் அடிப்பதற்கா பிள்ளையைப் படிக்க அனுப்பினோம்?” என்று ஒரு தாய் கேட்டால், அவர் ஜாதிப் பித்துப் பிடித்துக் கேட்கிறார் என்று சொல்லிவிட முடியாது. இரவெல்லாம் மேளத்தோடு திரிந்து பள்ளியை விட்ட பையன்களை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். கூட்டத்தோடு கூட்டம் மோதிக்கொண்டதையும் கண்டிருக்கலாம். அவருடைய பயம் உண்மையான பயம். ஆனால் அப்பையன்களைப் பள்ளியிலிருந்து பிரித்தது மேளமா, அல்லது அவர்கள் நன்றாகச் செய்யக்கூடிய ஒன்றுக்குப் பள்ளியில் இடமில்லாமற் போனதா என்பதையும் அந்தத் தாய் யோசிக்க வேண்டும். இரவு பத்து மணிக்குத் தெருவில் மட்டும் கிடைக்கும் பாராட்டு, காலை பத்து மணிக்கு வகுப்பறையிலும் கிடைத்தால் பிள்ளை எங்கே இருக்க விரும்புவான்?

ஆசிரியர்களைத் தயார் செய்யும் இடம் தொலைவிலில்லை. சுங்கைப் பட்டாணியிலேயே சுல்தான் அப்துல் ஹலிம் ஆசிரியர் பயிற்சிக் கழகம் இருக்கிறது. அங்கே பயிலும் நம் இளைஞர்கள் ஒரு பருவத்திலாவது தோட்டத்து மேளக்காரர் முன் உட்கார்ந்து பத்துத் தாளம் கற்றுக்கொள்வார்களானால், சங்கீதம் தெரியாது என்று வகுப்பில் கூசி நிற்க வேண்டியிராது. 1957-இல் 888 என்று சொல்லப்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இன்று 520-க்குச் சற்று மேற்பட்டு நிற்கின்றன. எஞ்சியிருப்பவற்றில் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லி ஆண்டுதோறும் வீடு வீடாகப் போகிறோம். போகும் வீட்டில், உங்கள் பிள்ளைக்கு இங்கே மட்டுமே கிடைப்பது இது என்று சொல்வதற்கு நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டுமல்லவா?

நாம் பார்த்த அந்த வகுப்பைப் பற்றி இன்னும் சிறிது உண்டு. ஆசிரியையின் அனுமதி பெற்றுக் கரும்பலகையில் அந்த ஏழு எழுத்துக்களையும் எழுதினோம். பையனை முன்னே வந்து மேசையைத் தட்டச் சொன்னோம். முதலில் அவன் நம்பவில்லை; ஆசிரியையின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்த பிறகு தட்டினான். மூன்றாம் சுற்றில் முன்வரிசைப் பெண் பிள்ளை ஒருத்தி ஜி-யும் ஏ-யும் மாற்றி மாற்றி ஊதத் தொடங்கினாள். ஆசிரியை தாமே கை தட்டி எண்ணினார். இரண்டு தடவை தவறியது, மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. அதற்குள் மணி அடித்துவிட்டது. கணித ஆசிரியர் நோட்டுப் புத்தகங்களோடு வாசலில் நின்றார்; பையன் இன்னும் இரண்டு சுற்று முடித்த பிறகே அவர் உள்ளே வந்தார்.